காய்ந்த பிறகு சொன்ன விலை

அன்று பொத்துவிலில் கடலை ஒட்டிய களப்புக் கரையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: எங்கள் அத்தை, நான், என் தம்பி, தோணியை விற்கிற முஸ்லிம் பெரியவரான காக்கா, அவர் மனைவி, தோணியை இழுத்துக் கரையேற்றக் கூப்பிட்டிருந்த எட்டு ஆட்கள். காக்கா வீட்டு ஆடு ஒன்றும் இருந்தது. அத்தையின் தோளில் கிடந்த கம்பளியின் நுனியைக் கடிக்க அது நேரம் பார்த்துக்கொண்டே நின்றதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

பொத்துவில் வெயிலுக்குக் கம்பளியோடு வந்த ஒரே மனுஷி அத்தைதான். மலையில், தெமோதரையில் விடியற்காலையில் புறப்படும்போது குளிருக்குப் போட்டது. பசறை வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அதைத் தலைக்கு மேல் இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மொனராகலையில் பஸ் மாறும்போதே எனக்கு வேர்த்து ஊற்றியது.

"அத்தை, அதைக் கழட்டிப் பைக்குள்ள வைங்க" என்றேன்.

"பைக்குள்ள வச்சா மறந்துருவேன். தோள்ல கெடந்தா பாரம் தெரியும்" என்றார்.

அவர் இடுப்பில் இன்னொரு பாரம் இருந்தது. வழி நெடுக நான் பார்த்துக்கொண்டு வந்தது அதைத்தான். துணிப்பையில் சுருட்டிச் சேலைக்குள் முடிந்திருந்த ஆயிரத்து எழுநூறு ரூபாய். பஸ்ஸில் யார் பக்கத்தில் வந்து நின்றாலும் நான் நடுவில் நகர்ந்துகொள்வேன். அத்தை மட்டும் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தப் பணம் அத்தை முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்ததற்குச் சேர்ந்த சேமலாப நிதிக் காசு. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த கொஞ்ச நாளில் அத்தை வேலையிலிருந்து நின்றுகொண்டார். மாமா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அந்தக் காசும், குடியிருக்கிற தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த கறுப்பு மாடும், கூடப்பிறந்தவரின் பிள்ளைகளான நானும் தம்பியும்தான் அவருக்கு. இதில் காசு ஒன்றைத்தான் நம்பலாம் என்பது என் எண்ணம். அந்தக் காசை ஒரு பழைய தோணியில் போடப் போகிறோம் என்றால் நான் எப்படித் தூங்குவது?

தம்பி பொத்துவிலுக்குப் போனது அரிசியும் மாவும் தோட்டத்தில் கிடைக்காமல் திண்டாடிய காலத்தில். கூட்டாளி ஒருவன் கூப்பிட்டான் என்று ஒரு பையோடு பஸ் ஏறினான். காக்காவின் தோணியில் கூலிக்குப் போய், பிறகு பங்குக்குப் போனான். அங்கே பிடித்த மீனைப் பங்கு பிரிக்கும்போது ஆட்களுக்கு ஒவ்வொரு பங்கென்றால் தோணிக்கும் ஒரு பங்கு உண்டு. காக்காவின் மகன் கடன் வாங்கி, மிஷின் பூட்டிய தோணி ஒன்றை எடுத்துவிட்டான். பழைய தோணி வேண்டாம் என்றானது. "அதை நாம எடுத்துட்டா தோணிப் பங்கும் நமக்குத்தான் அத்தை" என்று தம்பி லயத்துக்கு வந்து சொன்னபோது, அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "பாத்துட்டு விலை சொல்றேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

எங்களில் யாருக்கும் தோணி பற்றித் தெரியாது. தம்பிக்குத் துடுப்புப் போடத் தெரியும், தோணி வாங்கத் தெரியாது. நான் பதுளைக் கடைவீதியில் ஒரு கருவாட்டுக் கடையில் மூட்டை கட்டுகிறவன். நாலாம் வகுப்போடு நின்றவன். மீன் எனக்குச் செத்துக் காய்ந்த பிறகுதான் பழக்கம். அத்தையோ அதுவரை கடலையே பார்த்ததில்லை.

ஆனால் எங்கள் லயத்தில் பழைய சாமான் எது கைமாறினாலும் விலை சொல்ல அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். சைக்கிள், ரேடியோ, தையல் மிஷின், ஆடு, ஒரு தடவை மேளக்காரரின் பழைய தவில் கூட. விற்கிறவனும் கூப்பிடுவான், வாங்குகிறவனும் கூப்பிடுவான். கூப்பிட்ட பிறகு இரண்டு பேருமே ஏன் கூப்பிட்டோம் என்று கொஞ்ச நேரம் வருத்தப்படுவார்கள். அத்தை யார் பக்கமும் நிற்க மாட்டார். தன் பக்கமே நிற்க மாட்டார் என்பதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை.

அது எங்கே தொடங்கியது என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில்தான் என்று அம்மா சொல்வார். கொழுந்தை நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை கூடைக்குக் கொஞ்சம் கழிப்பார். மழை நாளென்றால் இலையில் நிற்கிற ஈரத்துக்கும் கழிப்பார். அது முறைதான். ஆனால் ஆடி ஆவணியில் கச்சான் காற்று வீசி இலையெல்லாம் சருகு போல் இருக்கிற நாளிலும், பழக்கத்தில் அவர் வாயில் அது வந்துவிடும்.

"பதினெட்டு. ஈரத்துக்கு ரெண்டு போகப் பதினாறு ராத்தல்."

அத்தை நகரவில்லையாம். கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி அவர் சப்பாத்துக்கு மேல் பிடித்துப் பிழிந்திருக்கிறார்.

"கணக்கப்பிள்ளை ஐயா, ஒரு சொட்டு விழுந்தா நாலு கழிச்சுக்கங்க. விழலைன்னா எனக்குப் பதினெட்டு போடுங்க."

மடுவமே சிரித்தது. அவர் பதினெட்டு போட்டார். அன்று அத்தையைப் பெண்கள் தோளில் தூக்காத குறை. இதோடு நின்றிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடுத்த மாதம் நல்ல மழை. கணக்கப்பிள்ளைக்குப் பழைய பயமோ என்னவோ, அத்தையோடு வரிசையாகக் கொழுந்து எடுக்கிற நிரை முழுவதற்கும் ஈரத்துக்கு ஒன்றும் கழிக்காமல் போட்டுக்கொண்டே வந்தார். அத்தை கூடையைக் கீழே வைத்தார்.

"ஐயா, இன்னைக்கு நனைஞ்ச கொழுந்து. ரெண்டு கழிக்கணும்."

அவர் கழித்தார். அத்தைக்கு மட்டுமல்ல, நிரைக்கே கழித்தார். அன்று மாலை லயத்தில் அத்தையோடு ஒருத்தரும் பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பானை கழுவிய தண்ணீரை அத்தையின் வாசலில் ஊற்றிவிட்டு, "இதுக்கு எவ்வளவு கழிப்பீங்க?" என்று கேட்டாராம். அத்தை கோபப்படவில்லை. "காயட்டும், காஞ்ச பிறகு பேசுவோம்" என்றார்.

அதுதான் அவர் வாயில் எப்போதும் வரும் பேச்சு. சைக்கிள் விலை கேட்டால், "மண்ணெல்லாம் கழுவிட்டு, காஞ்ச பிறகு பேசுவோம்." புருஷன் பெண்சாதி சண்டையில் நியாயம் கேட்டு வந்தால், "ரெண்டு பேருக்கும் கண்ணுல ஈரம் இருக்கு. காயட்டும்." சில சண்டைகள் காய்ந்த பிறகு ஒன்றுமே மிஞ்சுவதில்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை செய்த கடைக்கு அத்தை வந்த நாள் எனக்கு மறக்காது. இரவில் மூட்டை வாயைத் திறந்து வைத்தால் கருவாடு பனி வாங்கும், காலையில் எடை கூடும். கடைக்குக் கடை நடக்கிற காரியம்தான். அத்தை ஒரு கருவாட்டை எடுத்து வளைத்துப் பார்த்தார். அது ஒடியாமல் வளைந்தது.

"முதலாளி, இன்னைக்கு வேணாம். இதை வெயில்ல போடுங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

நான் மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். முதலாளி அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது ஒங்க அத்தையா தம்பி?" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் அத்தை வந்தபோது, வெயிலில் காய்ந்ததை அவர் ஒரு பிடி கூடவே போட்டுக் கட்டிக் கொடுத்தார். அத்தை அந்தக் கூடுதல் பிடியை எண்ணிப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பெண் பார்த்த கதையைச் சொன்னால்தான் அத்தை முழுதாகத் தெரிவார். நமுனுகுலப் பக்கமிருந்து பெண்ணின் அப்பா வந்து, மாப்பிள்ளை எப்படி என்று லயத்தில் விசாரித்தார். ஊர் முழுக்கக் கெட்டிக்காரன், தங்கம் என்று சொல்லி வைத்திருந்தது. கடைசியில் அத்தையிடம் வந்தார்.

"பையன் நல்லவங்க. குடி கெடையாது. நாலாங் கிளாஸ்தான். ரொம்ப பயந்தவன். பூட்டுன கதவை மூணு தடவை போய் இழுத்துப் பாப்பான். மழை வந்தா ரோடு சரியும்னு வேலைக்குப் போகவே யோசிப்பான். இதையெல்லாம் கழிச்சுட்டுப் பாத்தாலும் குடுக்கலாம்."

பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். மூன்று தடவை கதவைப் பார்க்கிறவன் வீட்டுக்குப் பெண்ணை நம்பிக் கொடுக்கலாம் என்று அவர் சொன்னதாகக் கேள்வி. ஆனாலும் என் பெண்சாதி இன்றைக்கும், நான் கதவைப் பார்க்க எழுந்தால், "கழிச்சுட்டுத்தான் குடுத்தாங்க" என்பாள்.

இப்படிப்பட்ட மனுஷியைத்தான் தோணிக்கு விலை பேச நாங்கள் கூட்டிக்கொண்டு போனோம்.

காக்கா அறுபதைத் தாண்டியவர். தலையில் துண்டு, சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். "வாங்க தங்கச்சி, பயணம் சொகமா?" என்று கேட்டுவிட்டுக் கம்பளியைப் பார்த்தார். மரியாதைக்காக அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தோணி களப்பில் பாதி தண்ணீரில் கிடந்தது. முந்தின இரவு பெய்த மழைத் தண்ணீர் உள்ளேயும் நின்றது. அத்தை அதைச் சுற்றி நடந்தார். மாட்டைச் சுற்றி நடப்பது போலவே நடந்தார்.

"எத்தனை வருசம் ஆச்சுங்க நானா?"

எங்கள் பக்கத்தில் முஸ்லிம் பெரியவர்களை நானா என்போம். அங்கே காக்கா என்கிறார்கள். அத்தை கடைசி வரை நானா என்றுதான் சொன்னார்.

"பத்து வருசம் முடிஞ்சிட்டு, தங்கச்சி."

"வருசத்துக்கு எத்தனை மாசம் கறக்கும்?"

காக்கா தம்பியைப் பார்த்தார். "கடலுக்குப் போற மாசத்தைக் கேக்குறாங்க காக்கா" என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆ, அதுவா. வாடைக் காத்து மாசத்துல எறங்க ஏலா. மத்த மாசமெல்லாம் போகும்."

"அப்ப அது வத்துற காலம். அந்த மாசத்துலயும் தீனி போடணுமே?"

காக்காவுக்கு இப்போது பிடிபட்டுவிட்டது. "போடணும் தங்கச்சி. தாரு, பஞ்சு, பலகை. இதுக்குப் புல்லும் புண்ணாக்கும் அதுதான்."

"ஒதைக்குமா?"

"அலைக்கு மூக்கைத் தூக்கிக் குத்தும். ஆளைத் தள்ளின இல்ல."

"சரி. என்ன விலை நெனைச்சிருக்கீங்க?"

"ரெண்டாயிரம்."

மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். முந்நூறு குறைகிறது. தம்பியின் முகம் செத்துவிட்டது. எட்டு ஆட்கள் இறங்கித் தோணியைக் கரைக்கு இழுத்தார்கள். ஏலேலோ போட்டு, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்துத்தான் அது ஏறியது. அதே நேரம் கொஞ்சம் தள்ளி, இதே அளவுத் தோணி ஒன்றை வேறு ஆட்கள் கரையேற்றினார்கள். நான் எண்ணினேன். ஆறு பேர். பேசிச் சிரித்துக்கொண்டே ஏற்றினார்கள்.

என் வாழ்க்கையில் நான் முன்னால் போய் விலை பேசியது அந்த ஒரு தடவைதான்.

"காக்கா, அங்க ஆறு பேர் இழுக்குறாங்க, இங்க எட்டு பேர் இழுத்தும் ஏற மாட்டேங்குது. பலகை தண்ணி குடிச்சிருக்கு. பாரமான தோணி. ஈரத்துக்குக் கழிக்கணும்."

சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன். காக்கா தோணியின் மேல் கையை வைத்தபடி நின்றார். மகனுடைய மிஷின் கடனுக்கு அந்த மாதக் காசு கட்ட வேண்டும் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான். காக்கா தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலைச் சேலையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

"சரி மகன். ஆயிரத்தி அறுநூறுக்கு எடுங்க" என்றார் காக்கா.

தம்பி என் கையைப் பிடித்து நசுக்கினான். பையில் இருப்பது ஆயிரத்து எழுநூறு. தோணியும் வந்து நூறு ரூபாயும் மிச்சம். அத்தை இடுப்பில் கையை விடப் போகிறார் என்று பார்த்தேன். அத்தை கையை விட்டது கம்பளிக்கு. ஆடு அதில் ஒரு நுனியைப் பிடித்துவிட்டது.

கம்பளியைப் பிடுங்கிக்கொண்டு அத்தை சொன்னார்: "காயட்டும் நானா. காஞ்ச பிறகு பேசுவோம்."

"அத்தை, அவரே ஒத்துக்கிட்டாரு" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவருக்குக் காசு அவசரம், அதனால ஒத்துக்கிட்டாரு. தோணிக்கு என்ன அவசரம்? நேத்து மழை பேஞ்சு இன்னைக்கு நிறுத்தா பாரம் காட்டத்தான் செய்யும். இத்தனை வருசம் நான் மடுவத்துல எதுக்கு வாயைக் கொடுத்துட்டு வந்தேன்?"

காக்கா வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மூணு நாள் காய வைக்கலாம். அதுக்கு மேல காஞ்சா பலகை விரிஞ்சிரும்" என்றார்.

"மூணு நாள் போதும்."

அந்த மூன்று நாள் நாங்கள் காக்கா வீட்டு வாசல் பந்தலில் கிடந்தோம். கடையில் எனக்கு ஒரு நாள் லீவுதான். வேலை போயிருக்குமா, மாட்டை யார் கறக்கிறார்கள், இடது கையால் கறந்தால் அது உதைக்குமே, களப்பில் முதலை உண்டா, பையை அத்தை அவிழ்த்து வைத்துவிட்டாரா என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். காக்காவின் மனைவி சோறும் மீனும் வைத்து, "ஒண்டும் யோசிக்காம தின்னுங்க மகன், ஒங்களப் பாத்தா எனக்கே பயம் வருது" என்றார்.

அத்தை இடுப்பில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கொழுந்துக்குப் போகும்போது சேலை கிழியாமல் கட்டுகிற படங்கு மாதிரியே கட்டினார். தோணிக்குள் நின்ற தண்ணீரை இறைத்தார்கள். அடியில் சேர்ந்திருந்த ஈர மணலை அள்ளினார்கள். கவிழ்த்துப் போட்டு, அடிப்பலகையில் ஒட்டிக் கிடந்த சிப்பியை அத்தை கத்தியால் சுரண்டிக்கொண்டே போனார். குவியல் குவியலாக விழுந்தது.

"மாமி வாங்க வந்தவவா, வேலைக்கு வந்தவவா?" என்று காக்கா தம்பியிடம் கேட்டார். அத்தையை அங்கே மாமி என்பார்கள்.

"எனக்கே தெரியல காக்கா" என்றான் அவன். பிறகு என் பக்கம் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, நீ வாயைத் தொறந்து உருப்படியா பேசுனது அது ஒண்ணுதான். அதையும் காயப் போட்டுட்டாங்க."

அவன் சொன்னது சரி. எங்கள் நானூறு ரூபாயைத்தான் அத்தை அந்தக் கரையில் கவிழ்த்துப் போட்டு வெயில் காட்டிக்கொண்டிருந்தார். மேகம் வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். பெய்தால் நல்லதா கெட்டதா என்று கூட எனக்குத் தெரியவில்லை. மாசி வெயில் ஒரு நாள் கூட மங்கவில்லை.

நாலாம் நாள் காலையில் அதே எட்டுப் பேர் வந்தார்கள். தோணியை நிமிர்த்தி இழுத்தார்கள். அது வழுக்கிக்கொண்டு போனது.

"ரெண்டு பேர் கையை விடுங்கப்பா" என்றார் அத்தை.

இரண்டு பேர் விட்டார்கள். போனது.

"இன்னும் ஒருத்தர்."

இன்னொருவர் விட்டதும் தோணி நின்றுவிட்டது. பிடித்ததும் நகர்ந்தது. ஆறு பேர். அக்கம்பக்கத்துத் தோணிகளின் கணக்கேதான். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன்.

"ஈரத்துக்குக் கழிக்க ஒண்ணும் இல்லைங்க நானா. நீங்க சொன்ன ரெண்டாயிரத்துல இருந்துதான் பேசணும்."

காக்கா மணலில் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு எழுந்து, தோணியின் பின்பக்கம் போய், தார் பூசியிருந்த ஒரு இடத்தைக் கட்டை விரலால் அமுக்கினார்.

"தங்கச்சி, நான் ஒண்டு சொல்லாம விட்டன். இந்தப் பலகை உள்ளுக்கு வெடிப்பு. இந்த வருசத்துக்கு நிக்கும். அடுத்த வருசம் மாத்தத்தான் வேணும்."

"சுரண்டும்போது பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"சொல்லாட்டி?"

"சொல்லலைன்னா திரும்பி பஸ் ஏறியிருப்பேன். பணத்தை உங்ககிட்ட குடுக்கிறேன். தம்பியையும் இந்த ஊர்ல உங்களை நம்பித்தான் விடுறேன். மாத்த எவ்வளவு ஆகும்?"

"ஆசாரிக்கும் பலகைக்கும் சேத்து நூத்தம்பது."

"அப்ப ஆயிரத்தி எண்ணூத்தி அம்பது. நானா, இதுதான் இதோட விலை. உங்களுக்கு இது கொறைச்சலா?"

"இல்ல."

"எங்களுக்கு அதிகமா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். தம்பி இல்லை என்று தலையாட்டினான். எனக்கு அதிகம்தான். ஆனால் அந்த எட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அத்தை திரும்பி நின்று பையை அவிழ்த்து ஆயிரத்து எழுநூறையும் காக்காவின் மனைவி கையில் கொடுத்தார். அந்த அம்மா எண்ணினார். எண்ணி முடித்ததும் காக்கா, "மிச்சம் நூத்தம்பதை விடுங்க தங்கச்சி" என்றார்.

"நீங்க பலகையைச் சொன்னீங்க, அதுக்கு நூத்தம்பது கழிச்சேன். இன்னொரு நூத்தம்பது எதுக்குன்னு சொல்லுங்க, அதையும் கழிச்சுக்கிறேன்."

காக்கா யோசித்துப் பார்த்தார். தோணியைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"அப்ப அது கடன்" என்றார் அத்தை.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பை காலி, கடன் வேறு. அத்தை கம்பளிக்குள் தூங்கினார். பதுளையில் இறங்கியபோது, "பெரியவனே, முகத்தை இப்படித் தொங்கப் போடாதே. ஆயிரத்தி அறுநூறுக்கு வாங்கியிருந்தா உன் தம்பி அந்த மனுசன் முகத்தைப் பாத்து ஒரு நாள் கடலுக்குப் போயிருப்பானா?" என்றார். அப்போது எனக்கு அது பதிலாகத் தோன்றவில்லை.

தோணி ஓடியது. அடுத்த வருஷம் சொன்ன மாதிரியே பலகை மாற்றினார்கள். ஆசாரியைக் கூட்டி வந்து பக்கத்தில் நின்று மாற்றிக் கொடுத்தவர் காக்காதான். காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்த நாள் இறங்கக் கூடாது என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஒரு முறை தம்பி கிளம்பிய பிறகு கரையிலிருந்து துண்டை ஆட்டித் திரும்ப அழைத்திருக்கிறார். அன்று மாலை போன வேறொரு தோணி திரும்பி வரப் பட்ட பாட்டைத் தம்பி கதையாகச் சொன்னபோதுதான், அத்தை பதுளையில் சொன்னது எனக்கு மெல்ல உறைத்தது.

கடன் மட்டும் தீருவேனா என்றது. அத்தை பால் காசில் பத்து, இருபது என்று தம்பி கையில் கொடுத்து அனுப்புவார். காக்கா வாங்கிக்கொள்வார். ஆனால் அடுத்த முறை தம்பி வரும்போது ஒரு கட்டுக் கருவாடு கொடுத்தனுப்புவார், மாமிக்குச் சும்மா கொடுக்கச் சொல்லி. அத்தைக்குச் சும்மா என்று ஒன்று கிடையாது. அதற்கு விலை போட்டுக் கடனோடு கூட்டிவிடுவார். இப்படி இறங்குவதும் ஏறுவதுமாக நாலைந்து வருஷம் போய், கடன் அறுபத்தைந்து ரூபாயில் வந்து நின்றது.

அப்போதுதான் காக்கா டாக்டரிடம் கண்ணைக் காட்டப் பதுளைக்கு வந்தார். மருந்தெல்லாம் வாங்கிய பிறகு, தம்பி அவரை ரயிலில் தெமோதரைக்குக் கூட்டி வந்தான். ஸ்டேஷனிலிருந்து லயத்துக்கு ஏறி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நானும் அன்று அங்கே இருந்தேன். வாசலில் வந்து நின்ற காக்கா நடுங்கியதில் பல் அடித்துக்கொண்டது. அத்தை உள்ளே போய்க் கம்பளியைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டார்.

"இதுக்குத்தானா தங்கச்சி இது" என்றார் காக்கா, அதை இழுத்துக் கழுத்து வரை மூடிக்கொண்டு. "அண்டைக்கு எங்கட பொண்டாட்டி கேட்டா, மாமிக்கு ஏதும் சொகமில்லையா எண்டு."

கையில் ஒரு கட்டுக் கருவாடு இருந்தது. நனைந்து ஊறிப் போயிருந்தது. அத்தை அதை வாங்கித் தராசில் தொங்கவிட்டார்.

"அஞ்சு ராத்தல்" என்றேன் நான்.

காக்காவுக்குக் கண் சரியாகத் தெரியாவிட்டாலும் என் குரலைக் கேட்டுச் சிரித்தார். "நல்லா நனைஞ்சு போச்சு தங்கச்சி. ஈரத்துக்குக் கழிச்சிக்கங்க. நீங்க சொல்ற கணக்கு."

"காயட்டும்" என்றார் அத்தை.

அந்தக் கருவாட்டை அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டார். காக்கா இரண்டு கோப்பை தேநீர் குடித்தார். மாட்டைப் போய்ப் பார்த்தார். "வருசத்துக்கு எத்தனை மாசம் கடலுக்குப் போகும்?" என்று அதைக் காட்டிக் கேட்டார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை அத்தை கருவாட்டை வளைத்துப் பார்த்தார். பட்டென்று ஒடிந்தது. திரும்ப நிறுத்தார். நாலு ராத்தல். ராத்தல் நாலரை ரூபாய் என்று கடை விலையை நான் சொன்னேன். பதினெட்டு ரூபாய் கடனோடு ஏறியது.

"கடனைக் கொறைக்க ஏறி வந்த மனுசன், கூட்டி வச்சுட்டுப் போறீங்களே காக்கா" என்றான் தம்பி.

"கொறைஞ்சு முடிஞ்சா இந்தக் குளிருக்குள்ள நான் பிறகு எதுக்கு ஏறி வாற?" என்றார் காக்கா, கம்பளியைக் கழற்ற மனமில்லாமல்.

அத்தை கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நியாயம்தான். மெதுவாவே குடுக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் யாரும் அதைத் தீர்க்க அவசரப்படவில்லை. எனக்கு மட்டும் மழை வரும்போதெல்லாம் அந்தக் கணக்கு ஞாபகம் வரும். பாக்கி எண்பத்து மூன்று ரூபாய்.